மறுகா

நாற்பத்தெட்டுப் பக்கம். எழுத்தெல்லாம் புளியங்கொட்டை அளவு.
'சிறுவருக்காகச் சுருக்கியது' என்று அட்டையில் போட்டிருக்கிறது.
எதைச் சுருக்கினார்கள் என்று போடவில்லை.

ஞாயிறு ஒன்பதரை. பெரிய கல்லாற்றில்
ஆலயத்துக்குப் பின்னால் தகர அறை.
கடல்காற்று ஒரு யன்னலால் வந்து
வாவிப் பக்கத்து யன்னலால் போகிறது,
போகிற போக்கில் என் பக்கத்தையும் புரட்டிவிட்டு.
பதினொரு பிள்ளைகள், ஒன்பது கதிரை.

கிழமை நாட்களில் நான் வங்கியில், அடகுப் பிரிவில்,
தராசுக்கு முன்னால் இருக்கிறவள்.
அதனால்தானோ என்னவோ இந்தக் கதை பிடிக்கும்:
நடையன் என்று ஒருவன், முதுகில் ஒரு மூட்டை,
அரசனிடமிருந்து கடிதம் வந்த இரவில்
வீட்டைவிட்டுப் புறப்படுகிறான்.
அரசன் என்றால் ஆண்டவர். மூட்டை என்றால் பாவம்.
ஆறு என்றால், பொறுங்கள், அது பின்னால் வரும்.

"மறுகா?" என்கிறான் கிதுஷன்.

மறுகா, வழியில் 'நாளைக்கு' என்பவரைச் சந்தித்தான்.
நாளைக்கு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்,
பாய் விரித்தார், காலை நீட்டச் சொன்னார்.
பிள்ளைகளுக்கு நாளைக்கு மாமாவை நன்றாகப் பிடித்துவிட்டது.
கெட்டவர் என்று நான்கு தரம் சொன்னேன்.
"தேத்தண்ணி தந்தவர்தானே மிஸ்."

மறுகா, ஆறு. தோணிக்காரனுக்குப் பொறுமை என்று பெயர்.
மூட்டையோடு ஏற்றமாட்டேன் என்றான்.

"எத்தினை கிலோ?"

கேட்டது ஷெரோமி. மூன்று மாதமாய் வாய் திறக்காதவள்.
புத்தகத்தில் கிலோ இல்லை என்றேன்.
"முப்பதுதான் விடுவாங்க மிஸ். கூடினா
அங்கேயே பிரிச்சி எடுத்துப் போடச் சொல்லுவாங்க.
எங்கட அம்மா கம்பளி ஒண்டைப் போட்டுட்டுத்தான் வந்தவ."

அதன் பிறகு அறையில் ஒழுங்கு இல்லை.
மூட்டைக்குள் என்ன என்று ஆளாளுக்கு:
பால்மா டின். ஷாம்பு. கோடாலித் தைலம். ரிமோட் கார்.
"பாவம் இருந்தது," என்றேன் உரக்க.
"பாவம்," என்றாள் ஒரு சின்னவள்,
படத்திலிருந்த நடையனின் முதுகைத் தடவி.

அடுத்த படத்தில் மூட்டை தாழ்கிறது.
நடையன் கைகளை உயர்த்திச் சிரிக்கிறான்.
இந்த இடத்தில் குரல் உயரவேண்டும் என்று
பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். உயர்த்தினேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
தங்கூசி போட்டு இழுத்திருக்கலாம் என்றான் கிதுஷன்.

"மிஸ், அவர் ராவோட போனாரே,
அவர்ட பிள்ளையளுக்கு ஆரு சோறாக்கினது?"

ஒன்றாம் பக்கம்: நடையன் வீட்டைவிட்டுப் புறப்பட்டான்.
இரண்டாம் பக்கம்: சாலை.
இடையில் தையல் நூல் மட்டும்.

ஷெரோமியின் அம்மாவுடைய சங்கிலி எனக்குத் தெரியும்.
பதினொரு கிராமும் கொஞ்சமும், கொக்கி நெளிந்தது.
ஏஜென்சிக் காசுக்கு என் கையில்தான் கழற்றித் தந்தா.
வட்டி கட்ட வருகிறவ சித்தி. மூன்று தரம் திருப்பி வைத்தாயிற்று.
ஞாயிற்றுக்கிழமைகளில் அது எனக்குத் தெரியாது.

அரசன் பார்த்துக்கொண்டார் என்று சொல்லியிருக்கலாம்.
நுனிநாக்குவரை வந்தது.
மிச்சக் காசை எண்ணுகிற மாதிரி
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புத்தகத்தில் இல்லை, மகள்."
"அப்ப எழுதுங்க."

தையலோரத்து வெள்ளையில், பென்சிலால்,
அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்:
சித்தி சோறாக்கினா. கொஞ்சம் குழைஞ்சி போச்சி.
பெரியவன் தண்ணி அள்ளினான்.
வெள்ளிக்கிழமை ராவு நடையன் கோல் எடுத்தான்.
சரியா விளங்கல்ல. ஆனா எடுத்தான்.

மணி அடித்தது. பெரியவர்களின் ஆராதனை முடிந்து
மணலில் செருப்புச் சத்தம்.
தங்க வாசல் நகரம் வரைக்கும் போகவில்லை நாங்கள்;
அந்தப் பக்கம் முழுக்க மஞ்சள்.

அடுத்த கிழமை எங்கிருந்து தொடங்க என்று கேட்டேன்.
"கோல் வாற இடத்தில இருந்து," என்றாள் ஷெரோமி,
கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு.
ஒன்பதையும்.